‘படம்: இணையம்’ என்று போடாதீர்கள், வரைந்தவருக்குப் பெயர் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் துணுக்குப் பக்கத்தில், ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வரும் விண்கல வீரர்களைப் பூனைகளாக வரைந்த படங்களைப் போட்டிருந்தீர்கள். அரைப் பக்கம் ஒதுக்கி, வண்ணத்தில் நன்றாகவே அச்சிட்டிருந்தீர்கள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. மேலே ‘இணையத்தைக் கலக்கும் குறும்புப் பூனைகள்’ என்று தலைப்பு, கீழே பொடி எழுத்தில் ‘படம்: இணையம்’. அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. இணையம் படம் வரையாது. அந்தப் படங்களை ஒருவர் உட்கார்ந்து, யோசித்து, ஒவ்வொரு மீசை மயிராக வரைந்திருக்கிறார். அவர் பெயர் ஜென்னி பார்க்ஸ்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஓவியர். டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் 1963லிருந்து வருகிறது, அதில் ‘டாக்டர்’ என்ற நாயகன் வேடத்துக்கு நடிகர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அப்படி வந்த டாக்டர்களை வரிசையாகப் பூனைகளாக்கி இவர் வரைந்த படம்தான் பலருக்கு இவரை முதலில் அறிமுகம் செய்தது. அப்புறம் 2017இல் கிரானிக்கிள் புக்ஸ் பதிப்பகம் ‘ஸ்டார் ட்ரெக் கேட்ஸ்’ என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டே அதே தொடரின் அடுத்த தலைமுறைக் கதைக்கும் இன்னொரு புத்தகம் வந்தது. தொடரின் உரிமையாளர்களிடம் முறையாக உரிமம் பெற்று வந்த புத்தகங்கள் இவை. யாரோ பொழுதுபோகாமல் கிறுக்கி எங்கோ ஒட்டிவிட்டுப் போனதைப்போல இதை நடத்துவது சரியில்லை. அட்டையிலேயே பெயர் இருக்கிறது, தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும்.

ஆனால் பெயர் விடுபட்டது மட்டும் என் வருத்தம் இல்லை. அந்தப் பெயரை விடுவது ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது என்று யோசித்தால், பூனைப் படம் என்றாலே அது ஓவியத்தில் சேர்த்தி இல்லை, சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பவேண்டிய சமாசாரம் என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் உள்ளே எங்கோ இருக்கிறது. அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத நினைக்கிறேன், இடம் இருந்தால் வெளியிடுங்கள்.

ஜென்னி பார்க்ஸ் அறிவியல் ஓவியத்தில் பயிற்சி பெற்றவர். அறிவியல் ஓவியம் என்றால், தாவரவியல் நூலில் ஒரு இலையின் நரம்புகளையும், விலங்கியல் நூலில் ஒரு மண்டையோட்டின் தையல்களையும், பறவைக் கையேட்டில் இறகின் அடுக்கையும் வரைகிறார்களே, அந்த வேலை. புகைப்படம் வந்து இத்தனை காலம் ஆகியும் அந்த வேலை சாகவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. புகைப்படம் ஒரு குறிப்பிட்ட வண்டை, அதன் உடைந்த காலோடும் படிந்த தூசியோடும் காட்டும். ஓவியர் பத்து வண்டுகளைப் பார்த்து, அந்த இனத்துக்கு எது அடையாளமோ அதை மட்டும் எடுத்து ஒரே வண்டாக வரைவார். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற முடிவு முழுக்க அவருடையது. ஒளி இடது மேல்மூலையிலிருந்து விழுவதாக வைத்துக்கொண்டு வரைவது அந்தத் துறையின் மரபு, படம் பார்ப்பவருக்கு மேடு எது பள்ளம் எது என்று குழப்பம் வரக்கூடாது என்பதற்காக. இவ்வளவு ஒழுங்கான ஒரு பள்ளியில் கண்ணைப் பழக்கிய ஒருவர், அந்தக் கண்ணோடு ஒரு விண்கலக் கேப்டனைப் பூனையாக்க உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதுதான் உங்கள் பக்கத்தில் வந்த அந்தப் படங்கள்.

பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள், அவை உருண்டை முகமும் புள்ளிக் கண்ணும் வைத்த பொம்மைப் பூனைகள் இல்லை. ரோமம் எந்தத் திசையில் படிகிறதோ அந்தத் திசையில் படிந்திருக்கிறது, உடம்பு பூனை உடம்பு, முகம் பூனை முகம். இருந்தும் யார் என்று பார்த்தவுடன் தெரிகிறது. எப்படித் தெரிகிறது என்று யாராவது கேட்டால் உடனே சீருடை என்பார்கள். சரி, சீருடையும் உண்டுதான். 1966இல் தொடங்கிய அந்த முதல் தொடரில் கட்டளை இடுபவர்களுக்கு மஞ்சள், அறிவியலாளருக்கும் மருத்துவருக்கும் நீலம், பொறியாளருக்கும் தகவல்தொடர்பு அதிகாரிக்கும் சிவப்பு என்று நிறம் பிரித்திருந்தார்கள். ஆனால் நீலச் சட்டையை மாட்டிவிட்டால் எந்தப் பூனையும் வேற்றுக்கிரக ரத்தம் கொண்ட அறிவியல் அதிகாரி ஸ்பாக் ஆகிவிடாது, மருத்துவர் மெக்காயும் நீலம்தான் போட்டிருப்பார்.

ஸ்பாக்கையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்த வகை ஓவியத்தின் சிரமம் எல்லாம் அந்த ஒரு பாத்திரத்தில் இருக்கிறது. மனிதர்கள் நடுவில் அவரைத் தனித்துக் காட்டுவது கூரான காது. பூனைகள் நடுவில் கூரான காது யாருக்குத்தான் இல்லை? அவருடைய முதல் அடையாளமே இங்கே பயன்படாமல் போய்விடுகிறது. இரண்டாவது அடையாளம் மேல்நோக்கி வளைந்த புருவம், ஆச்சரியம் வந்தால் ஒற்றைப் புருவத்தை மட்டும் தூக்குவார். பூனைக்குப் புருவமே கிடையாது. கண்ணுக்கு மேலே நாலைந்து நீண்ட உணர்மயிர்கள் இருக்கும், வரிப்பூனை என்றால் நெற்றியில் கோடுகள் இருக்கும், அந்தக் கோட்டின் சாய்வை வைத்தோ ரோமத்தின் நிறத்தை வைத்தோதான் புருவத்தை உண்டாக்க வேண்டும். மனிதக் கண்ணில் வெள்ளை விழி இருப்பதால் பார்வை எங்கே போகிறது என்று எளிதாகக் காட்டிவிடலாம், பூனையின் கண்ணில் வெள்ளைப் பகுதி பெரும்பாலும் வெளியே தெரியாது, ஆகவே பார்வையைத் தலையின் திருப்பத்திலும் காதின் கோணத்திலும் சொல்ல வேண்டும். மேலும் ஸ்பாக் உணர்ச்சியைக் காட்டாதவர். உணர்ச்சி காட்டாத முகத்தை வரைவதுதான் எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் தூங்கும் பூனைக்கும் உணர்ச்சியை அடக்கிக்கொண்டிருக்கும் பூனைக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்று நான்கு கோடுகளில் காட்டியாக வேண்டும்.

அப்புறம் ஸ்பாக்கின் அந்தக் கை வணக்கம். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே பிளந்து காட்டுவார்களே, ஸ்பாக்காக நடித்த லெனர்ட் நிமாய் தன் சிறுவயதில் யூத வழிபாட்டில் பார்த்த ஆசி வழங்கும் முத்திரையிலிருந்து எடுத்து 1967இல் தொடருக்குள் கொண்டுவந்தது அது. பூனையின் முன்பாதத்தில் தரையில் ஊன்றும் விரல்கள் நான்கு, ஐந்தாவது விரல் சற்று மேலே ஒதுங்கி நிற்கும். நான்கை இரண்டு இரண்டாகப் பிரிக்கலாம். உடற்கூறு தெரிந்தவருக்கு இது பரிசு கிடைத்த மாதிரி, பூனைப் பாதத்தை மனிதக் கையாக மாற்றாமலே அந்த வணக்கத்தை வைக்க முடியும். தெரியாதவர் பாதத்தைக் கையாக நீட்டி விரல் வைத்து விடுவார், அந்த இடத்திலேயே பூனை போய், பூனை முகமூடி போட்ட மனிதன் வந்துவிடுவான். இந்த வகைப் படங்களில் நல்லதையும் சுமாரையும் பிரிக்கும் கோடு இதுதான் என்று நான் நினைக்கிறேன், பூனை கடைசிவரை பூனையாகவே இருக்கிறதா, அப்படி இருந்துகொண்டே இன்னொருவராகவும் தெரிகிறதா.

ரோமத்தின் நிறத்திலும் இதே கதைதான். கருப்பும் செம்மஞ்சளும் கலந்து வரும் பூனைகள் அநேகமாக எல்லாமே பெண் பூனைகள், அந்த நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் இரண்டு எக்ஸ் இருந்தால்தான் இரண்டு நிறமும் சேர்ந்து வரும். சயாமியப் பூனைக்கு முகம், காது, வால், பாதம் மட்டும் கருத்திருப்பது அந்த இடங்களில் உடல் வெப்பம் குறைவு என்பதால். இதையெல்லாம் தெரிந்த ஓவியருக்கு ஒரு பாத்திரத்துக்கு எந்தப் பூனை என்று தேர்ந்தெடுப்பது நடிகர் தேர்வு மாதிரி. நீங்களே யோசித்துப் பாருங்கள், அடுத்த தலைமுறைத் தொடரின் கேப்டன் பிக்கார்டுக்குத் தலையில் முடி கிடையாது, உடம்பெல்லாம் ரோமம் உள்ள விலங்கில் அவரை எப்படிக் காட்டுவது? நெற்றியில் எலும்பு மேடுகளோடு வரும் வோர்ஃப் என்பவரின் முகத்தை ரோமத்துக்கு அடியில் எப்படிப் புடைக்க வைப்பது? கண்ணை முழுக்க மறைக்கும் பட்டையோடு வரும் ஜோர்டியின் முகபாவத்தை எங்கே வைப்பது? ஒவ்வொன்றும் ஒரு ஓவியர் பென்சிலோடு மல்லுக்கட்டித் தீர்த்த பிரச்சினை. நாம் இரண்டு விநாடி பார்த்துச் சிரிக்கிறோம், அந்தச் சிரிப்பு வருவதற்கே இத்தனை முடிவுகள் சரியாக விழுந்திருக்க வேண்டும்.

பூனைக்கு முகபாவமே கிடையாது, எப்போதும் ஒரே மாதிரிதான் பார்க்கும் என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். 2023இல் வெளியான ஓர் ஆய்வில், பூனைகள் ஒன்றோடொன்று பழகும்போது காட்டும் 276 வெவ்வேறு முக அசைவுச் சேர்க்கைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். விஞ்ஞானிகள் அதை எண்ணுவதற்கு முன்பே ஓவியர்கள் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

எப்போதிருந்து பார்க்கிறார்கள் என்றால், ரொம்பக் காலமாக. எகிப்தில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், அரச கல்லறைகளை உருவாக்கிய கைவினைஞர்கள் ஓய்வு நேரத்தில் சுண்ணாம்புக் கல் சில்லுகளில் வரைந்து பார்த்த படங்கள் கிடைத்திருக்கின்றன, அவற்றில் ஓர் எலிச் சீமாட்டிக்குப் பூனை பணிவிடை செய்கிறது, இன்னொன்றில் பூனை வாத்துக்கூட்டத்தை மேய்க்கிறது. நம் மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி நின்று தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் பார்க்காதவர் இருக்க முடியாது, அந்தப் பூனையைச் செதுக்கிய சிற்பியை யாரும் துணுக்குக்காரர் என்று சொல்வதில்லை.

ஆனால் ஜென்னி பார்க்ஸ் செய்யும் வேலைக்கு நேர் முன்னோர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் ஜப்பானின் உடாகவா குனியோஷியைத்தான் காட்டுவேன். மரப்பாளத்தில் செதுக்கி அச்சிடும் ஓவிய முறையின் பெரிய பெயர்களில் ஒருவர், 1861இல் இறந்தார். அவர் காலத்தில் கபுகி நாடக நடிகர்களுக்கு இன்றைய சினிமா நட்சத்திரங்களுக்கு உள்ள மவுசு, அவர்கள் முகம் போட்ட படங்கள் விற்றுத் தீரும். 1842இல் அரசாங்கம் சிக்கனம், ஒழுக்கம் என்று சொல்லி ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்து, நடிகர்கள் படத்தையும் கணிகையர் படத்தையும் அச்சிடக் கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடைக் காலத்தில் குனியோஷி நடிகர்களைப் பூனைகளாக வரைந்தார். நடிகரின் மூக்கும் தாடையும் பார்வையும் அப்படியே இருக்கும், காதும் மீசையும் ரோமமும் பூனையுடையது. வாங்குபவர்களுக்கு யார் என்று நன்றாகத் தெரியும், அதிகாரி வந்து கேட்டால் அது வெறும் பூனை. ஒரு நாட்டின் மக்கள் நேசித்த முகங்களை அந்த மக்களிடமிருந்து பறிக்க முடியாமல் பார்த்துக்கொண்டது அந்தப் பூனை மீசைதான்.

குனியோஷியின் பட்டறையில் எப்போதும் பூனைகள் திரியும் என்றும், வரையும்போதே அங்கியின் மார்புப் பகுதியில் குட்டியை வைத்துக்கொண்டிருப்பார் என்றும் அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) கியோத்தோ செல்லும் நெடுஞ்சாலையின் 53 தங்குமிடங்களையும் பூனைகளை வைத்தே அவர் வரைந்த ஒரு தொகுப்பும் உண்டு. இதே மனிதர்தான் மாபெரும் வீரர்களையும் எலும்புக்கூட்டுப் பூதத்தையும் வரைந்தவர். உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் இரண்டையும் ஒரே மரியாதையோடு வைத்திருக்கின்றன, பூனைகளைத் தனியே எடுத்துத் துணுக்குப் பக்கத்தில் போடவில்லை.

இப்போது பெயர் விஷயத்துக்குத் திரும்புகிறேன், அதற்கு லூயிஸ் வெய்னின் வாழ்க்கையைச் சொல்லாமல் முடியாது. 1860இல் லண்டனில் பிறந்த ஓவியர். மனைவி எமிலி புற்றுநோயில் படுத்திருந்தபோது அவளை உற்சாகப்படுத்துவதற்காக வீட்டில் வளர்ந்த பீட்டர் என்ற பூனையை வரையத் தொடங்கினார். 1886இல் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் பத்திரிகையின் கிறிஸ்துமஸ் இதழில், சுமார் 150 பூனைகள் விருந்து கொண்டாடும் அவருடைய படம் வந்தது, மறுநாள் முதல் ஊரே அவரைப் பற்றிப் பேசியது. அடுத்த ஆண்டு எமிலி இறந்துவிட்டார். வெய்ன் வரைந்துகொண்டே இருந்தார், அவருடைய பூனைகள் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தன, தேநீர் குடித்தன, சீட்டாடின, வாழ்த்து அட்டைகளிலும் குழந்தைகள் புத்தகங்களிலும் எங்கு பார்த்தாலும் அவைதான். ஆனால் அவர் படங்களை விற்றபோது மறுபதிப்பு உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் மொத்தமாக விற்றுவிட்டார். ஒரே படத்தை எத்தனை முறை அச்சிட்டாலும் அவருக்குக் காசு வராது. இங்கிலாந்தில் அவர் பூனையைப் பார்க்காத வீடு அபூர்வம் என்ற காலத்திலும் அவர் கடனில் இருந்தார். 1924இல் மனநலம் குன்றி, ஏழைகளுக்கான மருத்துவமனை வார்டில் சேர்க்கப்பட்டார். அங்கே இருப்பது அவர்தான் என்று வெளியே தெரிந்த பிறகு எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் போன்றவர்கள் பொதுமக்களிடம் வேண்டுகோள் வைத்து, பிரதமர் வரை தலையிட்டு, கொஞ்சம் வசதியான இடத்துக்கு மாற்றினார்கள். 1939இல் மருத்துவமனையிலேயே இறந்தார்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும், இதையும் பத்திரிகைகள் அடிக்கடி தப்பாகவே போடுகின்றன. சாதாரணப் பூனையில் தொடங்கி, படிப்படியாக வண்ணக் கோலமாகச் சிதறிப்போகும் எட்டுப் படங்களை வரிசையாக அடுக்கி, பாருங்கள் இவர் மனம் இப்படித்தான் சிதைந்தது என்று காட்டுவார்கள். அந்தப் படங்களில் தேதியே கிடையாது. வால்டர் மேக்லே என்ற மனநல மருத்துவர் அவற்றை ஒரு கடையில் வாங்கித் தன் கருத்துக்கு ஏற்றபடி வரிசைப்படுத்தினார், அவ்வளவுதான். வெய்ன் தன் கடைசிக் காலத்திலும் வழக்கமான பூனைகளை வரைந்திருக்கிறார். வரைந்தவரைப் பற்றி அக்கறையில்லாமல் படத்தை மட்டும் எடுத்துச் சுற்றவிட்டால், அவர் வாழ்க்கையையே மற்றவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு எழுதிவிடுவார்கள் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

வெய்னின் அந்த முதல் பெரிய படம் வந்த அதே 1886இல்தான் பெர்ன் நகரில் பதிப்புரிமைக்கான சர்வதேச உடன்படிக்கை கையெழுத்தானது. 1928இல் ரோமில் அதைத் திருத்தியபோது ஒரு பிரிவைச் சேர்த்தார்கள், பொருளாதார உரிமையை விற்றுவிட்டாலும்கூடத் தன் படைப்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைப்பாளியை விட்டுப் போகாது என்பது அதன் சாரம். ஆக, நான் உங்களிடம் கேட்பது சலுகை ஒன்றும் இல்லை. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாக உலகம் ஒப்புக்கொண்ட விஷயம்.

சிலர் கேட்பார்கள், பாத்திரமே கடன் வாங்கியதுதானே, ஸ்பாக்கை உருவாக்கியவர்கள் வேறு யாரோ, அதில் பூனைக் காதை ஒட்டியவருக்கு என்ன பெருமை என்று. முதலாவது, ஸ்டார் ட்ரெக் புத்தகங்கள் உரிமம் வாங்கி வெளிவந்தவை, ஆகவே கடன் என்ற பேச்சே எழாது. இரண்டாவது, உருவப்படம் வரைபவர் எவருமே முகத்தைக் கண்டுபிடிப்பதில்லை, முகம் ஏற்கெனவே இருக்கிறது, அந்த முகத்தில் எதைப் பார்த்தார் என்பதுதான் ஓவியம். பாத்திரத்தை நன்றாக அறியாதவர் அதைப் பூனையாக்க முடியாது. எதை எடுத்துவிட்டாலும் இவர் இவர்தான் என்று தெரியும், எதை எடுத்தால் தெரியாமல் போகும் என்று அந்தத் தொடரை அணுஅணுவாகப் பார்த்தவருக்குத்தான் புரியும். ரசிகர்கள் அந்தப் படங்களைக் கொண்டாடுவது அதனால்தான், தாங்கள் நேசிக்கும் ஒன்றைத் தங்களைப்போலவே நேசித்த ஒருவர் வரைந்திருக்கிறார் என்று அவர்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. சொல்லப்போனால் அந்தத் தொடருக்கும் பூனைகளுக்கும் ஏற்கெனவே உறவு உண்டு, அடுத்த தலைமுறைக் கதையில் வரும் டேட்டா என்ற இயந்திர மனிதன் ஸ்பாட் என்று ஒரு பூனை வளர்ப்பான், அதன்மேல் ஒரு கவிதைகூட எழுதி வாசிப்பான். உணர்ச்சி இல்லாதவன் என்று எல்லோரும் சொல்லும் ஒருவன் தன் பூனைக்காகக் கவிதை எழுதுகிறான். அந்தக் காட்சியை ரசித்தவர்களுக்கு இந்தப் புத்தகங்கள் எங்கிருந்து வருகின்றன என்று விளக்க வேண்டியதில்லை.

பெயர் போடுவது இப்போது முன்பைவிட அவசியம் என்பதற்கு இன்னொரு காரணம். இன்று யார் வேண்டுமானாலும் ஒரு வரி தட்டிச்சு செய்தால் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் சில நொடிகளில் எந்தப் பாத்திரத்தையும் பூனையாக்கிக் கொடுத்துவிடும். பார்க்கப் பளபளப்பாகவும் இருக்கும். அந்த மென்பொருள்கள் மனிதர்கள் வரைந்த கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துத்தான் பழகின, அந்தக் குவியலில் பெயர் போடாமல் சுற்றிய படங்கள் ஏராளம். நான் அவற்றை அடியோடு வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டியவர்கள் பயன்படுத்தட்டும். ஆனால் ஸ்பாக்கின் புருவத்தை நெற்றிக் கோட்டில் வைக்கலாம் என்று அங்கே யாரும் முடிவெடுக்கவில்லை, நான்கு விரலை இரண்டு இரண்டாகப் பிரிக்கலாம் என்று யாருக்கும் பொறிதட்டவில்லை. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டலில், மனிதப் படைப்பாற்றல் இல்லாமல் இயந்திரம் மட்டுமே உண்டாக்கிய படத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. இரண்டு வகைப் படங்களும் ஒரே பக்கத்தில், ‘படம்: இணையம்’ என்ற ஒரே வரியோடு வந்தால் வாசகருக்கு எது எது என்று எப்படித் தெரியும்? பதினைந்து வயதில் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பூனை வரைந்துகொண்டிருக்கும் ஒரு பிள்ளை அந்தப் பக்கத்தைப் பார்த்தால், இதை ஒரு மனிதர் செய்தார், இதற்குப் படிப்பு இருக்கிறது, இதில் புத்தகம் போடலாம், இதை வைத்து வாழலாம் என்று எப்படித் தெரிந்துகொள்ளும்? ஒரு பெயர் இருந்தால் தேடிப் போகும். தேடிப் போனால் அறிவியல் ஓவியம் என்று ஒரு துறை இருப்பதே தெரியவரும். ‘இணையம்’ என்று போட்டால் தேடிப்போக இடமே இல்லை.

தமிழ்ப் பத்திரிகை வாசகர்களுக்கு இது புதிதும் இல்லை. மணியம், சில்பி, கோபுலு என்று ஓவியர் பெயரை வைத்தே தொடர்கதைகளையும் அட்டைப் படங்களையும் நினைவு வைத்திருந்த தலைமுறைகள் நம்முடையவை, படத்தின் மூலையில் இருந்த கையெழுத்தை வைத்தே யார் என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பழக்கம் இருந்த மொழியில் வரும் நாளிதழ் ஓவியர் பெயர் தெரியாமல் படம் போடுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஆகவே கேட்டுக்கொள்வது இதுதான். வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள், அதே துணுக்குப் பக்கத்தில், கண்ணில் படும் அளவு எழுத்தில், அந்தப் படங்களை வரைந்தவர் ஜென்னி பார்க்ஸ் என்றும் அவை எந்தப் புத்தகத்தில் வந்தவை என்றும் சொல்லுங்கள். படத்தை எடுத்துப் போடுவதற்கு அவரிடமோ பதிப்பகத்திடமோ அனுமதி கேட்டீர்களா என்று எனக்குத் தெரியாது, கேட்காவிட்டால் இப்போதாவது எழுதிக் கேளுங்கள், அவருடைய கூலியும் அதில் அடங்கும். இனி எந்த ஓவியம் வந்தாலும், அது கதைக்கு உங்கள் அலுவலக ஓவியர் வரைந்த சின்னக் கோட்டுச் சித்திரமாக இருந்தாலும், பெயர் வரட்டும், யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அந்த வாரம் அந்தப் படம் வேண்டாம். முடிந்தால் குனியோஷி, வெய்ன், பார்க்ஸ் மூவரையும் சேர்த்து ஒரு முழுப் பக்கக் கட்டுரையை உங்கள் கலைப் பகுதியில் போடுங்கள், துணுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிறு இணைப்பைத் தவறாமல் படிக்கும் வாசகர்